மின்செலவு குறைந்ததற்காக இருளாக்கப்பட்ட சலவைக்கூடம்

அனுப்புநர்:
சலவைக்கூட உரிமையாளர்,
மருத்துவமனைப் பின்தெரு.

பெறுநர்:
மேற்பார்வைப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக அலுவலகம்.

பொருள்: மின் பயன்பாடு குறைந்ததைத் திருட்டு எனக் கருதித் துண்டித்த இணைப்பைத் திரும்பத் தரவும், சீல் வைத்த கருவியை ஓடவிட்டுச் சோதிக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனைக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் கூடம் என்னுடையது. சென்ற வியாழக்கிழமை தங்கள் பறக்கும் படையினர் வந்து, "கையும் களவுமாப் பிடிச்சாச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, இணைப்பைத் துண்டித்தார்கள். நான் செய்த குற்றம், மின்சாரத்தை முன்பைவிடக் குறைவாகச் செலவழித்தது.

2. குறைந்தது எப்படி என்று சொல்கிறேன். துணி உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான காற்று இத்தனை காலமும் கூரைக் குழாய் வழியே வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சூட்டைப் பிடித்து, உள்ளே போகும் காற்றுக்கு ஏற்றிவிடும் தகரப் பெட்டி ஒன்றை, அக்காவும் தம்பியுமான இரு பொறியாளர்கள் செய்து பொருத்தினார்கள். தங்கள் ஆட்கள் சீல் வைத்திருப்பது அதற்குத்தான்.

3. அவர்களை என்னிடம் அனுப்பியது, எரிசக்தியை மிச்சப்படுத்தும் புதுத் தொழில்களை வளர்த்துவிடும் ஆக்சிலரேட்டர் மையம். தொடக்கப் பணம் தருவார்கள், சோதனைக்கூடம் தருவார்கள், வாடிக்கையாளரையும் தேடித் தருவார்கள் என்று கேட்டதும், செல்லம் கொடுத்து வளர்க்கும் இடம் போலும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகக் கருவி செய்கிறார்களோ, அவரிடம் ஒரு மாதம் வேலை பார்த்த பிறகுதான் அதை வரையவே தொடங்கலாம். இருவரும் என்னிடம் விரிப்பு துவைத்தார்கள், மடித்தார்கள். தம்பி மடித்ததையெல்லாம் என் வீட்டுக்காரர் ஒன்றுவிடாமல் பிரித்து மறுபடி மடித்தார். அது வேறு கதை.

4. முதலில் பொருத்திய பெட்டியும் மின்சாரத்தைக் குறைத்தது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மையத்தின் தலைவி வந்தார். மீட்டரை ஏறிட்டும் பார்க்காமல், ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "கரண்டு மிச்சம், சரிம்மா. துணி காயலையே?" என்றார். வெளியேறிய ஈரம் எங்கோ கசிந்து திரும்ப உள்ளே வந்திருக்கிறது. பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அத்தோடு கைகழுவியிருந்தால் நான் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். கொதிகலன் வேலையில் பழுத்த ஒருவரை அவர்களுக்குத் துணைக்குக் கொடுத்தார், மறுபடி செய்யப் பணமும் கொடுத்தார். என் விரிப்புகள் தாமதமானதற்கு மருத்துவமனைக்குத் தாமே போய்ப் பதில் சொன்னார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை.

5. இரண்டாவது பெட்டியில் துணியும் காய்ந்தது, மின் பயன்பாடும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மகிழ்ச்சியில் எல்லோரும் ஒன்றைக் கோட்டைவிட்டோம். இப்படிக் குறையப்போகிறது என்று தங்கள் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கூடினால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தோம்.

6. பெட்டியைக் கழற்றிவிட்டு, இனி மாட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அன்றே மின்சாரம் தருவதாகத் தங்கள் உதவிப் பொறியாளர் சொல்கிறார். "எழுதிக் குடுத்துட்டுப் பொழப்பப் பாருங்க அண்ணி" என்று என் கொழுந்தனாரும் நச்சரிக்கிறார். விரிப்புகள் மாடிக் கொடியில் காய்கின்றன. மருத்துவமனை வேறு கூடம் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டது. ஆனால் நான் எழுதிக் கொடுத்தால், அது திருட்டுக் கருவிதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தப் பெட்டியைக் கேட்டிருந்த மற்ற சலவைக்கூடத்தார் இப்போதே பின்வாங்குகிறார்கள். அடுத்த வாரம் மையத்தில் அந்த அக்காவும் தம்பியும் இந்தப் பெட்டிக்குப் பணம் கேட்டு முதலீட்டாளர்கள் முன் நிற்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு மையம் அவர்களை விலக்கவில்லை. தலைவி தங்கள் அறை வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்து, தங்களைப் பார்க்க முடியாமல் திரும்பியிருக்கிறார்.

7. ஆகவே இணைப்பைத் தந்து, தங்கள் மீட்டர் ஒன்றையும் பக்கத்தில் மாட்டி, பெட்டியை ஓடவிட்டும் நிறுத்தியும் சோதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திருட்டு என்று தெரிந்தால் என்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள். சோதிக்காமலே கழற்றத்தான் வேண்டுமென்றால், நான் அதில் கை வைக்க மாட்டேன். தாங்களே வந்து கழற்றுங்கள். ஏன் கழற்றுகிறீர்கள் என்பதை, பெட்டியைச் செய்த அந்தப் பெண்ணிடமும் தாங்களே சொல்லுங்கள்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
சலவைக்கூட உரிமையாளர்

இடம்: சலவைக்கூடம்
நாள்: திங்கட்கிழமை