சைலன்சர் வாயில் முகம் வைத்தவருக்கு

அண்ணை,

எதிர்வீட்டு மருமகன் தன் மோட்டார் சைக்கிளுக்குப் புதுச் சைலன்சர் பூட்டியிருக்கிறார். காலையிலிருந்து அது குரைக்கிறது. கணினி ஒன்றை அதனோடு இணைத்து வைத்துக்கொண்டு, "சைலன்சர் மாத்தினால் எண்ணெய் போற அளவையும் மாத்த வேணும் ஐயா" என்று எனக்குப் பாடம் எடுத்தார். புகை மதிலைத் தாண்டி வந்து என் தேத்தண்ணிக்குள் விழுந்தது. கோப்பையை வாழையடியில் கவிழ்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அவரிடம் கணினி இருக்கிறது. உங்களிடம் மூக்குத்தான் இருந்தது. நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

போரால் ஊருக்குப் பெற்றோல் வராத காலம் அது. எண்ணெயையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தால் வண்டி கிளம்பும்; பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். கரி அடைத்து உங்கள் பழைய சைலன்சர் செத்தபோது, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் அகன்ற குழாய் ஒன்றை ஒட்டுவித்துக்கொண்டு வந்தீர்கள். அன்றிலிருந்து வண்டி வெடித்து வெடித்து நின்றது. காற்று கூடிவிட்டது என்றீர்கள். எண்ணெய் கூடப் போகட்டும் என்று காபரேற்றர் ஊசியை ஒரு வெட்டு உயர்த்துவீர்கள், உதைப்பீர்கள், பிறகு குந்தியிருந்து சைலன்சர் வாயில் முகத்தை வைத்து நன்றாக மூச்சை இழுப்பீர்கள். கண் எரிந்தால் எண்ணெய் கூட, எரியாவிட்டால் குறைவு என்பது உங்கள் சாத்திரம். ஒரு நாதஸ்வரக்காரர் செய்கிற வேலையா இது? அந்த மூச்சை நம்பித்தான் உங்கள் வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் எரிந்தன.

"அண்ணை, உது நஞ்சு. மூச்சையல்லோ கெடுக்கிறியள்."

"சும்மா இரடா. மணந்து பாத்தாத்தான் கணக்குப் பிடிபடும்."

கரி படிந்த மூக்கைச் சால்வையால் துடைத்துவிட்டு, அதே உதட்டில் நாதஸ்வரச் சீவாளியை வைத்து நனைப்பீர்கள். தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டியில் உங்களுக்குப் பின்னால் இருந்தவன் நான். கோவிலில் பொங்கல் தந்தாலும் மண்ணெண்ணெய்தான் ருசித்தது.

கைதடிப் பக்கத்து அம்மன் கோவில் தேரன்று தோடி ராகத்தை எடுத்தீர்கள். சனம் அசையவில்லை. மேல் சுரத்தில் போய் நிற்கவேண்டிய இடத்தில் மூச்சு அறுந்தது, இருமல் பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்தீர்கள். உங்களை அப்படி ஒருநாளும் நான் கண்டதில்லை. நான் தவிலில் இறங்கினேன். இருமல் அடங்கும்வரை, அதை யாரும் கேளாதபடி, கை கிழியக் கிழிய அடித்தேன். நீங்கள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் தாளம் போட்டீர்கள், எல்லாம் பேசிவைத்ததுபோல. சனம் கைதட்டியது. கோவில் மணியகாரர் பொன்னாடையை எனக்குப் போர்த்தினார்.

திரும்பி வரும்போது வண்டி அருமையாக ஓடியது. "பாத்தியே, ஒரு இடத்திலையும் இடறேல்லை!" என்று சந்தோசமாகக் கத்தினீர்கள். நான் றோட்டில் காறித் துப்பினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் நீண்ட ஆலாபனைக்குப் போகவேயில்லை. கடைசியில் நெஞ்சு வருத்தம் உங்கள் உயிரைக் கொண்டுபோனது. வைத்தியர் அதற்கு வேறு ஏதோ பெயர் சொன்னார். நான் அந்தக் குழாயைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன், இன்றும் ஏசுகிறேன்.

இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது பழைய ரசிகர் என் கையைப் பிடித்து, "கைதடியிலை அண்டைக்கு நீர் அடிச்ச அடி இண்டுவரை ஒருத்தனும் அடிக்கேல்லை" என்கிறார். அந்தப் புகழ் எனக்குக் குமட்டுகிறது, அண்ணை. ஆனாலும் ஓம் என்று தலையாட்டுகிறேன். எதற்காக அப்படி அடித்தேன் என்று கேட்டால், அன்றைக்குக் கை நல்லாய் ஓடியது என்றுதான் சொல்வேன்.