சோதனை வலை போட்ட இடம்

அன்பு மகள் ஆக்சீனியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். புகைக் குடில் நிறைய மீன் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

வானொலியில் நீ பேசியதைக் கடையில் நின்று கேட்டேன். முட்டையிடும் ஓடைகளுக்கு ராஜா சால்மன் மீன் பாதிகூடப் போய்ச் சேரவில்லை, கணக்குப் போட்டது நான், தப்பு என்னுடையதுதான் என்றாய். ஆங்கரேஜ் நகரில் நடக்கும் மீன்வளக் கூட்டத்திலும் இதையே சொல்வேன் என்றாய். பக்கத்தில் நின்ற நிக், "என்னக்கா, உங்க பொண்ணோட கம்ப்யூட்டருக்கு மீன் வாசனையே தெரியாதா?" என்று சிரித்தான். நான் மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெற்ற தாய் நின்ற லட்சணம் அது.

மகளே, உன் கணக்கில் தப்பில்லை. நாங்கள் கொடுத்த எண்ணிக்கைதான் தப்பு.

உங்கள் ஆபீசுக்காக அப்பா போடும் சோதனை வலையை வருஷா வருஷம் ஒரே இடத்தில்தான் போடவேண்டும், மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும். அதில் விழுவதை வைத்துத்தான் ஆற்றில் எவ்வளவு மீன் ஏறுகிறது, அதில் நாங்கள் எவ்வளவு பிடிக்கலாம் என்று நீ சொல்கிறாய். உன் அப்பாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மீன் இருக்கும் இடம் தெரிந்தும் இல்லாத இடத்தில் வலை போடச் சொன்னால் எந்த மீனவனுக்குக் கை வரும்?

சோதனை வலை மீனெல்லாம் வலை போட ஆளில்லாத வீடுகளுக்குத்தானே போகும்? இந்த ஜூன் மாதம் வாளியோடு காத்திருந்த நஸ்தாசியா, அப்பாவின் படகில் ஒன்றுமில்லாததைப் பார்த்து, "என்ன வசிலி, ஆத்தைச் சுத்திப் பாக்கப் போனியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து படகு வளைவைத் தாண்டி மீன் கூடும் சுழிப் பக்கம் போனது. நான் கேட்டதற்கு, "பழைய இடத்துல சூப்புக்குக்கூடத் தேறாது, நீ சும்மா இரு" என்றார். நானும் சும்மா இருந்தேன். வீடு வீடாக மீன் கொண்டுபோனது நான்தான். அவர்கள் வாழ்த்தியது இனிப்பாக இருந்தது. அப்பாவோ, பழைய இடத்தில் விழுந்ததாகவே உங்கள் ஆபீசுக்குச் சொன்னார். அதை நம்பி நீ மீன்பிடித் தடையைத் தளர்த்தினாய். ஊரே வலையோடு இறங்கியது. நாங்களும் இறங்கினோம்.

இப்போது மேலாற்றுக்காரர்களின் புகைக் குடில்கள் காலி. என் அக்காவின் வீடும் அங்கேதான் இருக்கிறது. அவளுக்கு நம் மீனை அனுப்பலாம் என்று எடுத்தேன். அவள் பங்கைப் பிடித்து அவளுக்கே தர்மம் பண்ணுவதா என்று கூசிப்போய்த் திரும்ப மாட்டிவிட்டேன்.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. வானொலியில் உன் குரல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். நானே சொல்லட்டுமா என்று கேட்டேன். "பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

கூட்டத்தில் எங்கள் பேரைச் சொல். அவர் பேரோடு என் பேரையும் சேர்த்துச் சொல். அம்மா அப்பாவாயிற்றே என்று மறைக்காதே. மறைத்தால் அந்தப் பொய்யான எண்ணிக்கை உன் கணக்கிலேயே தங்கிவிடும், அடுத்த வருஷமும் மீன் போய்ச் சேராது.

இந்தக் கடிதத்தைத் தபால் விமானத்தில் அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் என்னோடு பேசாமல் போகலாம், நான் தாங்கிக்கொள்வேன். நீ நன்றாக இருக்கவேண்டும் என்றே தினமும் வேண்டுகிறேன். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணு, கண்ணே. நான் எடுத்தாலும் அப்பாவைக் கூப்பிடச் சொல்.

உன் அம்மா,
மெட்ரோனா