பீங்கான் இலை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? நான் நலம்.

ஆபீஸ் வேலையாகத் துபாயிலிருந்து லண்டன் வந்திருக்கிறேன். நேற்று ஒரு பெரிய இந்திய ஓட்டலில் விருந்து. வாழையிலை மாதிரியே பச்சைப் பீங்கான் தட்டு. சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் மேல்விளிம்பைப் பிடித்து என் பக்கம் மடிக்கப் பார்த்தேன். மிச்சமிருந்த ரசம் சுடிதாரில் கொட்டியது. பரிமாறியவர் திருவாரூர்க்காரர். துணியோடு வந்து, “நம்ம பக்கமாங்க? கல்யாண வீட்டு இலைன்னு நெனச்சிட்டீங்களா?” என்றார். நானும் சிரித்தேன்.

அம்மாவின் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு நான் வரவில்லை. தை மாதம் வருசத் திதிக்கு லீவு சொல்லிவிட்டேன். கொல்லையில் எனக்கும் ஒரு இலை நறுக்கி வையுங்கள். டாக்ஸி வந்துவிட்டது.

அந்த இலையை எதிர்ப்பக்கம் மடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அப்பா.

எழில்மொழி