துப்பட்டியில் புகை வாசம்

1958 மார்கழி, வியாழன் இரவு

விடியற்காலையில் அப்படி ஒரு பனி. வண்டிச் சக்கரங்கள் இழுத்துவந்த கரிசல் மண் ரோட்டில் ஈரமாகக் கிடந்தது. சைக்கிள் அதில் ஏறினால் வழுக்கிவிடும். தரையையே பார்த்து மெல்ல மிதித்ததில் கை விறைத்துவிட்டது. விரல் மடங்காமல் வெடிக்கு மருந்து அடைக்க முடியாது. வழியில் ஆட்டுக்கிடைக்காரர்கள் மூட்டியிருந்த தீயில் கொஞ்சம் குளிர் காய்ந்துவிட்டுப் போனேன்.

கம்பெனி வாசலில் சோதனை போடுவது அக்கா வீட்டுக்காரர். நான் போர்த்தியிருந்த துப்பட்டியை முகர்ந்தார்.

"புகை வாசம் அடிக்குது மாப்ளே. இன்னைக்கு உள்ள விட மாட்டேன், வீட்டுக்குப் போ."

"குளிர் காஞ்சேன் மச்சான், அம்புட்டுதான். பீடி கூடத் தொடல."

"சொன்னாக் கேளுலே. போ."

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். ரோட்டைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து துப்பட்டியை உதறினேன். ஓரத்தில் நெல்லளவு ஓட்டை. அதன் விளிம்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. விரலால் நசுக்கினேன்; சுட்டது.

இந்நேரம் அக்கா தூங்கியிருப்பாள். மருந்து அறையில் எனக்கு எதிரே உட்காருகிறவள் அவள்தான்.