இனியாவின் தோள்பை

வடவள்ளி
16.7.95, ஞாயிறு

அன்பு மகள் மதிவதனிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், டெல்லி வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது, எனக்குத்தான் இரண்டு நாளாக ஒரு வேலையும் ஓடவில்லை. நம் முன்னறைப் பாலர் பள்ளியில் இனியா என்றொரு குழந்தை, டவுன் பஸ் கண்டக்டர் மருதாசலத்தின் மகள், ஜூனில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்காதவள் என்று எழுதியிருந்தேனே. போன வாரம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு வைத்தேன். உன் பழைய துணிப்பையைத் தோளில் மாட்டியதும், காந்திபுரம் ஏறுங்க, படியில நிக்காதீங்க என்று கூவ ஆரம்பித்துவிட்டாள். புளியங்கொட்டையைக் காசாக வாங்கி மீதியையும் எண்ணிக் கொடுத்தாள், கரும்பலகையில் எழுதிக் காட்டியபோதெல்லாம் ஐந்து வரைகூட எண்ணாதவள்.

இனியாவின் அப்பா பார்த்தால் மகிழ்வார் என்று வெள்ளிக்கிழமை அவர் வரும்வரை விளையாட்டை நிறுத்தாமல் வைத்திருந்தேன். அவரோ வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க டீச்சர், நான் தோள்ல பை மாட்டுனது பத்தாதுங்களா, எம்புள்ளையும் மாட்டோணுமுங்களா?" என்றார். நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை, வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்கிறேன் என்று பையைத் தானே கழற்றி வைத்துவிட்டு, அழுத குழந்தையைத் தூக்கிப் போனார். விளையாடித்தான் அவள் பேசினாள், எண்ணினாள் என்று சொல்ல வாசல்வரை ஓடினேன், அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார். மற்ற பெற்றோரும் வீட்டுப்பாடம் எங்கே என்றுதான் கேட்கிறார்கள். எழுதவே வைத்துவிடலாம் என்று நேற்று காந்திபுரம் போய் நாலு கோட்டு நோட்டு ஒரு கட்டு வாங்கினேன். திரும்பிவர ஏறிய பஸ்ஸில் அவரே கண்டக்டர். கட்டைப் பார்த்து, இதைத்தானுங்க கேட்டேன் என்றார். நம் நிறுத்தத்தில் நான் இறங்கும்போது பக்கத்தில் வந்து, "ஊட்ல புள்ள ஒரே கண்டக்டர் வேலைதானுங்க. சில்லறை இல்லீன்னு என்னையவே எறக்கி உட்டுப்போட்டா" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "திங்கக்கெழமை பையை வேற யாருக்கும் குடுத்தராதீங்கன்னு சொல்லச் சொன்னாளுங்க." கூட்டிவருவீர்களா என்று நான் கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டார், பஸ் போய்விட்டது.

நோட்டுக் கட்டைப் பிரிக்கவில்லை. நாற்காலிகளைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன், அப்பா சிரிக்கிறார். இது உன் கைக்கு வருவதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

மருதமலையான் உன்னை நோயின்றி வைத்திருக்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன், கோபிக்காதே. அந்தப் பையின் வாரை இனியாவின் உயரத்துக்கு வெட்டித் தைத்துவிட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா