சத்தம் காணாது எண்டு நீ சொன்னது சரி

என்ட அன்பான மச்சான் தவராசா,

உன்ட முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்சு இண்டைக்கு மூண்டு நாளாகுது. எனக்கு ஒரு இடத்தில இருக்க ஏலாமக் கிடக்கு. கதிரையில இருந்தா எழும்பச் சொல்லுது, எழும்பி ஆத்தங்கரைக்குப் போனா வீட்டுக்குத் திரும்பச் சொல்லுது. உன்னட்ட ஒண்டு சொல்லோணும். இதப் பேப்பருக்கும் குடுக்கப்போறன், ஊரும் கேக்கட்டும், பறவாயில்ல.

உன்ட ரெக்கோட் பிளேயர்ல சத்தம் காணாது எண்டு சொன்னாய் இல்லையா? அது சரிதான். எனக்கும் அண்டைக்குக் குறைவாத்தான் கேட்டது.

நீ என்ட தங்கச்சி பூமணியக் கட்டி, எங்கட வழக்கப்படி அவள்ட வீட்டுக்கு வரக்குள்ள, அந்த பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாய். "சீதனத்தோட வந்த மாப்பிள்ளையப் பாருங்க கா" எண்டு பொம்பிளையள் எல்லாம் சிரிச்சாங்க. ஞாபகம் இருக்கா?

போன வருசம் அதின்ட ஊசி தேஞ்சு போச்சு. நான் விடுவனா? நாப்பது வருசம் வீடு வீடா வயர் இழுத்த ஆள், இதென்ன பெரிய வேலை எண்டு நெஞ்ச நிமித்தினன். லண்டன்ல இருக்கிற மகளிட்டச் சொல்லி, இருக்கிறதில விலை கூடின கார்ட்ரிஜ் ஒண்டு எடுப்பிச்சன். ஊசியோட இருக்கிற அந்தச் சின்னத் தலைதான். நானே பூட்டினன். உன்னட்டக் கூடக் குடுக்கல்ல.

பாட்டுப் போட்டம். பக்கத்து வளவில ஆரோ பாடுற மாதிரி இருந்துது. வொலியூமக் கடைசி மட்டும் திருகினா, பாட்டுக்கு முந்தி இரைச்சல்தான் வந்துது. நீ மெதுவாத்தான் சொன்னாய்: "மச்சான், சத்தம் காணாது போல கிடக்கு."

போன்ல மகள் பாத்துக்கொண்டு நிண்டாள். "எப்படி அப்பா, நல்லா இருக்கா? மாமாக்குப் பிடிச்சிருக்கா?" எண்டு கேட்டாள். என்ட வாய் சும்மா இருந்துதா? "வடிவாக் கேக்குது பிள்ள. மாமாக்குத்தான் காது போயிட்டு" எண்டன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சாய்.

சொன்ன பொய்ய அடுத்த நாள் திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கல்ல. பூமணி உன்னட்ட "சோறு போடவா" எண்டு கேக்கிறது களுவாஞ்சிக்குடிச் சந்தி மட்டும் கேக்கத் தொடங்கிச்சு. காது டொக்டரிட்டயும் கூட்டிப்போனம். இந்த வயசுக்கு இது போதும் எண்டு அவர் சொன்னார். அவருக்கென்ன தெரியும் எண்டு நான் சொன்னன். நீ பிளேயர மூடினவன்தான், எட்டு மாசமாத் திறக்கல்ல. பிறகு நெஞ்சுவலி எண்டு ஒரு காலம்பற போயிட்டாய்.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் பூமணி சொன்னாள்: "அண்ணா, அவர்ர பாட்டு ஒண்டு போடுங்க." போட்டன். அதே சத்தம். அப்பதான் அந்தக் கார்ட்ரிஜ் வந்த பெட்டிக்குள்ள கிடந்த துண்டுக் கடதாசியக் கண்ணாடி போட்டு வாசிச்சன். பழைய தலை தாறது அஞ்சு மில்லிவோல்ட். இது தாறது ஒரு மில்லிவோல்ட் கூட இல்ல, புள்ளி மூண்டு! சாமான் பழுதில்ல மச்சான், அது அந்த வகை. உன்ட பிரீஆம்ப் வாற சத்தத்த நூறு மடங்குதான் கூட்டும். இதுக்கு ஆயிரம் மடங்கு வேணும். விலை கூடினா சத்தமும் கூடும் எண்டு நினைச்ச மடையன் நான்.

மட்டக்களப்பில ரேடியோ திருத்திற ஒருவரிட்ட அதுக்கெண்டு உள்ள சின்ன ட்ரான்ஸ்போமர் பெட்டி இருந்துது. இரவலா வாங்கி வந்து, முப்பத்தோராம் நாளண்டைக்கு பிளேயருக்கும் பிரீஆம்புக்கும் நடுவில குடுத்தன். பாட்டு வீடெல்லாம் நிறைஞ்சுது. குசினிக்குள்ள நிண்ட பொம்பிளையள் அகப்பையோட விறாந்தைக்கு வந்திட்டாங்க. எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு. எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டன்: "அவன்ட காதில ஒண்டுமில்ல. பிழை என்ட வேலையில. நான்தான் பொய் சொன்னன்."

பூமணி என்ன ஏசுவாள் எண்டு பாத்தன். ஏசல்ல. முகம் வெளிறிப் போச்சு. "அப்ப நான் குசினிக்குள்ள இருந்து அக்காவோட போன்ல கதைச்சதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்குமா அண்ணா? செவிட்டு மனிசனோட என்னால ஏலாது, போய்ச் சேந்தா நிம்மதி எண்டெல்லாம் சொன்னனே!"

"இல்ல பிள்ள, விறாந்தைக்கு அது கேட்டிராது" எண்டு சொன்னன்.

அது ரெண்டாவது பொய். ஆத்தங்கரையில ஒரு பின்னேரம் நீ சொன்னது எனக்குத் தெரியும்தானே? "பூமணி பாவம் மச்சான். நான் போய்ச் சேந்தா நிம்மதியாம், போன்ல சொல்றாள். களைச்சுப் போனாள். நான் கேக்காத மாதிரியே இருக்கிறன், சொல்லி ஆறட்டும்." நான் ஏதோ ஓம் எண்டு போட்டு மீன் விலையப் பத்திக் கதைச்சன்.

மூண்டு நாளா இதத்தான் புரட்டிக்கொண்டு திரியிறன். குசினிக்குள்ள அவள் குசுகுசுத்தது உனக்குக் கேட்டிருக்கு. அப்ப உன்ட காது நல்லாயிருக்கு எண்டு உனக்குத் தெரியும். அப்ப பொய் சொன்னது ஆர் எண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டேதான் எட்டு மாசமா என்னோட பக்கத்தில இருந்து, நான் கதைக்கக்குள்ள காதில கைய வைச்சு, "என்ன மச்சான், விளங்கல்ல" எண்டு கேட்டாயா? அட பாவி! மகளுக்கு முன்னால நான் வெக்கப்படக் கூடாது எண்டா? ஒரு சொல்லுச் சொல்லி ஏசியிருந்தா எனக்கு இண்டைக்கு நித்திரை வந்திருக்குமே.

நாளைக் காலம்பற பூமணியிட்டப் போறன். அச்சுக்குக் குடுக்க முதல் இதை அவளுக்கு வாசிச்சுக் காட்டுவன். நீ எல்லாத்தையும் கேட்டாய் எண்டு சொல்லுவன், கேட்டும் கோவிக்கல்ல எண்டு சொல்லுவன். அவள் அழுது முடியுமட்டும் எழும்பி வரமாட்டன். இது சத்தியம், மச்சான்.

இப்படிக்கு,
நீ காட்டிக்குடுக்காம விட்ட உன்ட பொஞ்சாதிர அண்ணன்