முத்திரை விழாத புத்தகங்கள்

காப்பார்,
ஞாயிறு காலை

அன்பு மகள் உஷாராணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஜெயராஜும் பேரன் குருவும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி ஏறி இறங்குகிறது, எனக்கு முட்டி ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்கிறது. விமலன் துறைமுகத்து வேலையில் பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டதால் இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் முகம் பார்க்க முடிகிறது. ஒரு வாரமாகப் புகைமூட்டம், துணி காயப்போட்டால் கருவாடு வாசம் வருகிறது. வாட்ஸ்அப்பில் பேசாமல் மனிதர் கடிதம் எழுதுகிறாரே என்று பயந்துவிடாதே, யாரும் சாகவில்லை. போனில் என்றால் நான் நடுவில் ஒரு ஜோக்கைப் போட்டுத் தப்பித்து ஓடிவிடுவேன், அது உனக்கும் தெரியும். போன மாதம் நீ மலேசியக் குடியுரிமையை விட்டுவிட்டு அந்த ஊர் பாஸ்போர்ட் எடுக்கப் போவதாகச் சொன்னாய். காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, "தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் வாங்கிக் குடுக்கக்கூட மனசு வராத இடம்பா அது, நீங்கதானே அந்தப் புத்தக லோரியை ஓட்டுனீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்றாய். அம்மா லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தட்டிப் பார்த்தாள். லைன் இருந்தது, நான்தான் இல்லை. நீ அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும், அதனால் நாளைக் காலையிலேயே விரைவுத் தபாலில் போடுகிறேன்.

விஷயம் என்னவென்றால் நான் வேலை பார்த்த கிராம நூலகத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால், மாவட்டத்துக் கிராம நூலகங்களின் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாகப் போடப் போகிறோம், நீங்கள் வந்து பழைய கதையைச் சொல்ல வேண்டும் என்று புவான் சல்மா என்கிற நூலக அதிகாரி அழைத்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல பெண். மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவனை வரலாறு சொல்லக் கூப்பிட்டால் விடுவேனா, பழைய பூப்போட்ட பாத்தேக் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டேன், பொத்தான் வயிற்றுக்கு மேல் சேரவில்லை, அம்மா ஊசி குத்தி அனுப்பினாள். ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் முதல் நூலக லோரி எழுபத்தொன்பதில் வந்தது, எண்பத்து மூன்றில் நான் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், பதினொரு இடத்தில் நிறுத்துவோம், ஆறு தோட்டம், கம்பம் என்கிற மலாய்க் கிராமம் நான்கு, ஒரு சீனர் மீன்பிடிக் குடியிருப்பு, இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றெல்லாம் அளந்தேன். உதவியாளரை நிறுத்திவிட்டு ஓட்டுநரே புத்தகமும் கொடுக்கலாம் என்றார்கள். தொண்ணூறுகளில் சாலையோரத்தில் ஒரு பலகை வீடு கட்டிக் கிராம நூலகம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள், லயத்து வீடுகளில் இருந்த தோட்டச் சனங்கள் கிள்ளான் பக்கம் பிளாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். இரண்டாயிரத்து எட்டில் லோரியை நிறுத்தி என்னைப் பலகை வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். கடைசியில் வைஃபை பிடிக்க வருகிறவர்களைத் தவிர வாசலில் செருப்பே கிடக்காது. முப்பத்திரண்டு வருடம் புத்தகத்தோடு இருந்து நான் முழுதாகப் படித்தது ஒன்பது, அதில் இரண்டு சமையல் என்று சொன்னேன். புவான் சல்மா சிரித்துவிட்டுக் குவே பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளினார். அப்புறம் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினார். எந்த மொழிப் புத்தகம் எத்தனை முறை வெளியே போனது என்று வருடாவருடம் போட்ட கோடுகள். மலாய்க் கோடு மலை மாதிரி, சீனக் கோடு மேடு மாதிரி, தமிழ்க் கோடு மட்டும் செத்தவன் நாடி மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. வரலாற்றில் எழுதியிருந்த வாக்கியத்தையும் வாசித்துக் காட்டினார். இவ்வட்டாரத் தமிழரிடையே வாசிப்பு ஆர்வம் தொடக்கம் முதலே இல்லை என்று இருந்தது. "சரிதானே அங்கிள்?" என்று கேட்டார். நான் குவேயை மென்றுகொண்டே தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன் உஷா.

அந்தக் கோடு பொய். அதைப் போட்டவன் நான். உறுப்பினர் அட்டை வேண்டுமென்றால் ஐ.சி. என்கிற அடையாள அட்டை வேண்டும். எண்பத்தைந்தில் புக்கிட் செராயா தோட்டத்தில் ரமணி என்று ஒரு பெண், பத்தொன்பது வயது, பால்வெட்டு வேலை, ஒவ்வொரு சுற்றிலும் லோரிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு நாள் கேட்டேன். "எனக்குப் பொறந்த சூரா பத்திரமே இல்லண்ணே, ஐ.சி.க்கு எங்க போவேன்" என்றது. ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அடுத்த சுற்றில் கொண்டு வா, யாரிடமும் சொல்லாதே என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றால் தோட்டத்தில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அடுத்த சுற்றில் ஏழு பேர். ஐ.சி. வைத்திருந்தவர்களும் அட்டை வேண்டாம் என்றார்கள், பிள்ளை கிழித்துவிட்டால் பெயர் ஆபீசுக்குப் போகும், அங்கே குமாஸ்தா கிராணிக்குத் தெரியும் என்று பயம். நானும் முகத்தைப் பார்த்தே கொடுத்தேன், முகத்தைப் பார்த்தே வாங்கினேன், ஒரு தேதி முத்திரை இல்லை, ஒரு எழுத்து இல்லை. கம்பத்தில் ஒழுங்காக முத்திரை குத்துவேன், தோட்டத்துக்கு வந்தால் முத்திரைப் பெட்டியைப் பூட்டிவிட்டுக் கர்ணன் ஆகிவிடுவேன். நம் சனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுப் படிப்பார்கள், திருப்பித் தரும்போது அட்டையைக் கழற்றித் துடைத்துத் தருவார்கள். இத்தனை வருடத்தில் வராமல் போனது நான்கே நான்கு. ஆறு தோட்டத்திலும் சேர்த்து ஒரு சுற்றுக்கு நூறு புத்தகமாவது போகும். ஆண்டுக் கடைசியில் தமிழ் என்ற கட்டத்தில் நான் என் கையால் எழுதியது மூன்று, இரண்டு, பூஜ்யம்.

இதை நல்ல காரியம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றொன்றில், நீ அம்மா வயிற்றில் இருந்த சமயம், அப்போதிருந்த பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, எந்த மொழிக்கு எத்தனை முத்திரையோ அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடப் புத்தகம் வாங்குகிறோம், தமிழ் போகவே இல்லை, அதனால் பாதியாகக் குறைக்கிறேன், உனக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மனிதர் கேட்டார் உஷா. சொன்னால் வேலை போய்விடும் என்று ஒன்றுமில்லை துவான் என்றேன். உன்னைச் சாக்காகச் சொல்லவில்லை, நீ இல்லாவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். அடுத்த சுற்றில் அட்டை போடுங்கள் என்று எல்லோரையும் கெஞ்சிப் பார்த்தேன். என்னவோ விசாரணை வருகிறது என்று பேச்சுப் பரவி இரண்டு சுற்றுக்கு ஒரு ஆள்கூட லோரிப் பக்கம் வரவில்லை. பழையபடியே விட்டுவிட்டேன். புத்தகம் பாதியானது, கால்வாசியானது, தொண்ணூற்றெட்டோடு நின்றே போனது. புதுப் புத்தகம் எங்கே அண்ணே என்று ரமணியும் மற்றவர்களும் கேட்டபோது, "நமக்கெல்லாம் தரமாட்டானுங்க" என்றேன். சொல்லச் சொல்ல அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. பள்ளி விடுமுறையில் நீ லோரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாய், மலாய் அலமாரியில் புதுப் புத்தகம் மினுங்கும், நம் அலமாரி ஏன் இப்படி என்று கேட்டாய். உனக்கும் அதையேதான் சொன்னேன். உனக்கு அப்போது ஒன்பது வயது.

தலையை ஆட்டிவிட்டு வந்து நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அம்மாவிடமும் விமலனிடமும் சொன்னேன். விமலன், "கவர்மெண்டு லோரியில சொந்தக் கடை நடத்தியிருக்கீங்கப்பா" என்றான். அம்மா, "பென்ஷன்ல கை வச்சிட்டா மருந்துக்கு எங்க போறது, வாய மூடிக்கிட்டுப் பசியாறுங்க" என்றாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுதான் என் மலாய் எவ்வளவு மோசம் என்று தெரிந்தது. புவான் சல்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பலகை வீட்டை மூடுவது முடிவாகிவிட்டது, யாரும் தொடாதவை என்று ஆயிரத்து நானூறு தமிழ்ப் புத்தகங்களைக் கழித்துக் காகித ஆலைக்கு அனுப்பக் கூட்டத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது என்றார். ஒரு பெட்டியைத் திறந்து பத்துப் புத்தகங்களை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தார், தேதித் தாள் வெள்ளை. பக்கத்தைப் புரட்டினார், ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. "நான் உங்களை நம்புறேன் அங்கிள், தனக்கே கெடுதல் வர்ற மாதிரி யாரும் பொய் சொல்லமாட்டாங்க. ஆனா படிச்சவங்க ரெண்டு பேராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா நான் மேலே கேட்க முடியும், செவ்வாய்க்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

மூன்று நாள் அலைந்தேன். பாதிப் பேர் செத்துப் போய்விட்டார்கள், மீதிப் பேர் செராஸில் என்றும் ஜொகூரில் என்றும் சொல்கிறார்களே தவிர நம்பர் யாரிடமும் இல்லை. ரமணி மட்டும் கிள்ளானில் ஒரு மலிவு பிளாட்டில் நான்காவது மாடியில் இருந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, என் முட்டியைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அழுதாள், மைலோ கலக்கிக் கொடுத்தாள், எந்தக் கதையில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று வரிசையாகச் சொன்னாள், நான் ஒன்றையும் படிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காகிதத்தை நீட்டியதும் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். இன்னும் ஐ.சி. வரவில்லையாம் உஷா, ஐம்பத்தொன்பது வயது, ஏழாவது முறையாக மனுப் போட்டிருக்கிறாள். "அட்டை இல்லாம கவர்மெண்டு புத்தகம் எடுத்தேன்னு நானே எழுதிக் குடுக்கவாண்ணே? இந்தத் தடவ கெடச்சிரும்னு சொல்லியிருக்காங்கண்ணே, என்னைய விட்டுருங்கண்ணே" என்றாள். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு மைலோவைக் குடித்தேன். அவள் மீது ஒரு குறையும் இல்லை. பெயர் எங்கேயும் போகாது என்று முதல் நாள் அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை காகித ஆலை லோரி வந்தது. பெட்டி ஏற்ற ஆள் குறைவு, நானும் தூக்கினேன். அந்த லோரிக்காரர் ஒரு புத்தகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு, உங்காளுங்க யாரும் தொடவே இல்லையா" என்று சும்மா கேட்டார். முட்டி வலிக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் விமலன், ரெண்டு பெட்டியையாவது நைசாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றான். எழுத்தில் வராமல் வெளியே போனதால்தானடா இந்தக் கதி என்றேன்.

நேற்றுக் கடைசியாகப் போய், வரலாற்றுப் புத்தகத்தில் அந்த வாக்கியத்துக்கு அடியில் என் வாக்குமூலத்தைப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். ரமணி பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர்கூட இல்லை. இங்கே தமிழர்கள் படித்தார்கள், கேள்வி வந்தபோது வாய் திறக்காதவன் ஓட்டுநர் வேலாயுதம் என்று நான்கு வரி. பெயரும் ஐ.சி. எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அச்சானால் பென்ஷன் பக்கம் ஏதாவது விசாரணை வரலாம் என்று புவான் சல்மா இரண்டு முறை சொன்னார், வந்தால் வரட்டும். அம்மா என்னோடு பேசுவதில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் நேரத்துக்கு மேசையில் வைத்துவிடுகிறாள். மாத்திரையின் சத்தத்தை வைத்தே கோபம் எவ்வளவு என்று தெரிந்துகொள்கிறேன்.

உன் முடிவு உன்னுடையது. வேலையில் நீ பட்டது, மேற்படிப்புக்கு நீ அலைந்தது, ரமணிக்கு இன்னும் ஐ.சி. வராதது, இதெல்லாம் நடந்தவை, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றை வைத்து நீ விட்டுவிட்டாலும் அப்பாவுக்குக் கோபம் இல்லை, அங்கே வந்து குளிரில் நடுங்கிக்கொண்டே உன் கையால் சாப்பிடுவேன். ஆனால் அந்தப் புத்தகக் காரணத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு முறை யோசித்துக் கையெழுத்துப் போடு. அவர்கள் தரமாட்டோம் என்று சொல்லவில்லை உஷா. கேட்டார்கள், நான்தான் பதில் சொல்லவில்லை.

குரு நீண்ட ஆயுளோடு, அவன் அம்மா மாதிரி நேராகக் கேள்வி கேட்கிறவனாக வளரட்டும். நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருங்கள். மறக்காமல் இந்த வாரம் அம்மாவுக்குப் போன் போடு. நான் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடு, அவளுக்கு என்னைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. வேலாயுதம்